தொட்டில் கணக்கும் கஜானா கணக்கும்

கென்யாவும் டான்சானியாவும் ஒரே வருஷத்தில் இரண்டு வழிகளில் புறப்பட்டன. போய்ச் சேர்ந்த இடம் எது?

கிழக்கு ஆப்பிரிக்காவின் படத்தை விரித்துப் பார்த்தால் ஒரு கோடு கண்ணில் படும். இந்து மகாசமுத்திரக் கரையில் புறப்பட்டு, அளவுகோல் வைத்து இழுத்ததைப் போல விக்டோரியா ஏரி வரை அது ஓடுகிறது. நடுவில் ஓர் இடத்தில் மட்டும் வளைந்து செல்கிறது. அங்கே கிளிமஞ்சாரோ மலை நிற்கிறது.

1886ல் பிரிட்டனும் ஜெர்மனியும் பேசி முடித்த பங்கீட்டில் பிறந்த எல்லை அது. அங்கு வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை. கோட்டுக்கு வடக்கே இன்று கென்யா. தெற்கே டான்சானியா. மாடு மேய்க்கும் மசாய் மக்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். ஸ்வாஹிலி மொழி இரண்டு பக்கமும் பேசப்படுகிறது. காப்பியும் தேயிலையும் இரண்டு பக்கமும் விளைகின்றன. முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு தெற்குப் பகுதியும் பிரிட்டிஷார் கைக்கே வந்தது. ஆக, ஆண்ட எஜமானனும் ஒருவனே.

1961ல் டாங்கனிகா சுதந்திரம் பெற்றது. 1964ல் ஸான்ஸிபார் தீவுடன் சேர்ந்து அது டான்சானியா ஆயிற்று. கென்யாவுக்கு 1963 டிசம்பரில் விடுதலை கிடைத்தது. இரண்டு நாடுகளும் ஏழை நாடுகள். இரண்டிலும் ஜனத்தொகை ஏறக்குறைய ஒரே அளவுதான். 1967ல் டான்சானியாவில் எடுத்த கணக்கு ஒரு கோடியே 23 லட்சம். 1969ல் கென்யாவில் எடுத்த கணக்கு ஒரு கோடியே 9 லட்சம்.

அதற்குப் பிறகு இரண்டும் இரண்டு வழிகளில் போயின. ஜனத்தொகைக் கொள்கையும் பொருளாதாரக் கொள்கையும் ஒரு நாட்டை என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது. ஏனென்றால் மண் ஒன்று, மழை ஒன்று, பழைய ஆட்சி ஒன்று. மாறியது கொள்கை மட்டும்.

1967: இரண்டு தீர்மானங்கள்

1967 பிப்ரவரி 5ந் தேதி. டான்சானியாவின் அருஷா நகரிலிருந்து ஒரு பிரகடனம் வெளிவந்தது. ஜனாதிபதி ஜூலியஸ் நைரேரே நாட்டைச் சோஷலிஸப் பாதையில் திருப்பினார். பாங்குகள் தேசியமயம் ஆயின. பெரிய ஆலைகளும் மொத்த வியாபாரமும் சர்க்கார் கைக்கு வந்தன. அந்நியக் கடனை நம்பாமல், கிராமத்தையும் உழைப்பையும் நம்பி முன்னேறுவது என்பது திட்டம். அதற்கு அவர் வைத்த பெயர் ‘உஜாமா’. ஒரே குடும்பம் என்கிற உணர்வு என்று அதற்குப் பொருள்.

அதே 1967ல் வடக்கே கென்யா இன்னொரு காரியம் செய்தது. சர்க்காரே முன்னின்று குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. சகாராவுக்குத் தெற்கே இப்படிச் செய்த முதல் நாடு கென்யாதான். அப்போது பொருளாதாரத் திட்ட மந்திரியாக இருந்தவர் டாம் ம்போயா. 1965ல் வெளியான கென்யாவின் பொருளாதாரக் கொள்கை அறிக்கையை உருவாக்கியதில் முக்கியப் பங்கு அவருடையது. அறிக்கையின் பெயரில் ‘ஆப்பிரிக்க சோஷலிஸம்’ என்று இருந்தது. ஆனால் உள்ளே தனியார் சொத்துக்கும் வெளிநாட்டு மூலதனத்துக்கும் கதவு திறந்தே இருந்தது.

ஒரு நாடு கஜானாவை மாற்றப் புறப்பட்டது. இன்னொரு நாடு தொட்டிலைக் குறைக்கப் புறப்பட்டது. இரண்டில் எது வென்றது? உடனே பதில் சொல்ல வேண்டுமானால், முதல் பதினைந்து வருஷங்களில் இரண்டுமே வெல்லவில்லை.

ஏட்டுச் சுரைக்காய்

முதலில் கென்யாவைப் பார்ப்போம். குடும்பக் கட்டுப்பாடு தொடங்கிய பிறகு அங்கே பிறப்பு குறைந்திருக்க வேண்டும் அல்லவா? நடந்தது வேறு.

ஒரு பெண் தன் ஆயுளில் பெறும் குழந்தைகளின் சராசரியை வைத்து இதைக் கணக்கிடுவது வழக்கம். 1970களின் இறுதியில் கென்யாவில் அந்தச் சராசரி சுமார் 8. திட்டம் தொடங்கிப் பத்து வருஷம் ஆன பிறகு கண்ட நிலை இது! 1979ஆம் வருஷக் கணக்கெடுப்பு, ஜனத்தொகை ஆண்டுக்குச் சுமார் 3.8 சதவிகிதம் பெருகுவதைக் காட்டியது. உலகத்திலேயே மிக வேகமான வளர்ச்சிகளில் அது ஒன்று. அந்த வேகத்தில் போனால் பதினெட்டு, பத்தொன்பது வருஷத்தில் ஜனங்கள் இரட்டிப்பார்கள்.

என்ன காரணம்? மருந்துச் சாலைகள் பெருகின. குழந்தைச் சாவு குறைந்தது. பழைய காலத்தில் ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் நடுவே நீண்ட இடைவெளி விடும் வழக்கம் இருந்தது. அது தளர்ந்தது. ஆனால் நிறையப் பிள்ளைகள் வேண்டும் என்ற ஆசை தளரவில்லை. வயலுக்கு ஆள் வேண்டும். முதுமைக்குத் துணை வேண்டும். போதாததற்கு, கென்யாவில் அரசியல் இனக் குழுக்களின் தலைக் கணக்கை ஒட்டியே நடந்தது. ‘நம் ஆட்கள் குறைந்தால் நம் ஓட்டும் குறையும்’ என்ற பயம் பல இடங்களில் இருந்தது. வெள்ளைக்காரன் நம்மைக் குறைக்கப் பார்க்கிறான் என்ற சந்தேகமும் இருந்தது.

தலைநகரில் கொள்கை இருந்தது. கிராமத்தில் நர்ஸ் இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவவில்லை.

பொருளாதாரம் அப்போது நன்றாகவே வளர்ந்தது. சுதந்திரத்துக்குப் பிந்திய முதல் பத்து வருஷங்களில் ஆண்டுக்கு 6 சதவிகிதத்துக்கு மேல். ஆனால் அந்த வளர்ச்சியில் பாதிக்கு மேல் புதிதாகப் பிறந்த வாய்களுக்கே போய்விட்டது. பத்துப் பள்ளிக்கூடம் கட்டினால் பத்துக்கும் போதுமான புதுப் பிள்ளைகள் வாசலில் நின்றார்கள். கென்யாவின் நிலத்தில் மழையை நம்பி நன்றாகப் பயிர் செய்யக்கூடிய பகுதி சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். மற்றது வறண்ட பூமி. அந்த ஒரு பங்கைப் பிள்ளைகள் பிரித்துக்கொண்டே போனார்கள்.

உஜாமாவின் ஏற்றமும் இறக்கமும்

தெற்கே நைரேரேயின் கவலை வேறு. டான்சானியா கென்யாவைவிட ஒன்றரை மடங்குக்கும் பெரிய நாடு. ஜனங்கள் சிதறிக் கிடந்தார்கள். பத்துக் குடும்பத்துக்கு ஒரு பள்ளிக்கூடம், ஒரு கிணறு, ஒரு ஆஸ்பத்திரி என்று எந்த சர்க்காரால் கட்ட முடியும்? எனவே ஜனங்களைக் கிராமங்களாக ஒன்று கூட்ட வேண்டும் என்றார் அவர்.

முதலில் விருப்பம் உள்ளவர்கள் வரலாம் என்று சொல்லப்பட்டது. 1973 முதல் அது கட்டாயம் ஆயிற்று. சில வருஷங்களில் லட்சக்கணக்கான ஜனங்கள் இடம் மாற்றப்பட்டார்கள். சில இடங்களில் திரும்பிப் போகாமல் இருப்பதற்காகப் பழைய வீடுகள் கொளுத்தப்பட்டன. விளைச்சல் நிலம் ஒரு பக்கம், புதுக் குடிசை ஒரு பக்கம் என்று ஆயிற்று. அதே சமயம் மழையும் பொய்த்தது. 1974லும் 1975லும் டான்சானியா வெளிநாட்டிலிருந்து தானியம் வாங்க வேண்டி வந்தது.

ஆனாலும் நைரேரேயின் வேலை வீண் என்று சொல்லிவிட முடியாது. முதியோர் கல்வி ஓர் இயக்கமாகவே நடந்தது. 1977ல் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆரம்பக் கல்வி என்ற திட்டம் நடைமுறைக்கு வந்தது. 1980களில் பெரியவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியும் என்று சர்க்கார் கணக்குச் சொன்னது. நூற்றுக்கு மேற்பட்ட இனங்களை ஸ்வாஹிலி மொழி ஒரே ஜனமாகக் கட்டியது. 2007ஆம் வருஷத் தேர்தலுக்குப் பிறகு கென்யாவில் இனச் சண்டை மூண்டு ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். லட்சக்கணக்கானவர்கள் வீடு இழந்தார்கள். அப்படிப்பட்ட இனப் போர் டான்சானியாவின் பெருநிலப் பகுதியில் மூண்டதில்லை. இதைச் சேர்க்காமல் கணக்கு எழுதினால் அது முழுக் கணக்கு ஆகாது.

கஜானாதான் காலியாயிற்று. விளைபொருளை சர்க்கார் நிறுவனத்துக்கே விற்க வேண்டும். விலையோ குறைவு. விவசாயி பணப் பயிரைக் கைவிட்டான். எண்ணெய் விலை ஏறியது. 1977ல் கென்யா, உகாண்டா, டான்சானியா மூன்றும் சேர்ந்து நடத்திய கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் உடைந்தது. டான்சானியா கென்யாவுடன் எல்லையை மூடியது. 1983 வரை அது திறக்கப்படவில்லை. நடுவில் உகாண்டாவின் இடி அமீனோடு யுத்தம். சோப்பும் சர்க்கரையும் கிடைக்காமல் ஜனங்கள் தவித்தார்கள். 1985ல் நைரேரே தாமாகவே பதவியை விட்டு இறங்கினார். மறு வருஷம் அவருக்குப் பின் வந்தவர்கள் சர்வதேச நிதி நிறுவனத்தின் நிபந்தனைகளுக்குச் சம்மதித்தார்கள்.

கென்யாவில் காற்று திரும்பியது

1980களில் கென்யாவில் ஓர் அதிசயம் தொடங்கியது. 8ல் இருந்த சராசரி 1989ல் 6.7. 1993ல் 5.4. 1998ல் 4.7. இவ்வளவு வேகமான இறக்கத்தை அந்தப் பகுதியில் யாரும் எதிர்பார்க்கவில்லை.

சீனாவைப் போல் சட்டம் போட்டார்களா? இல்லை. யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. மூன்று காரியங்கள் ஒன்றாகச் சேர்ந்தன.

முதலாவது, நிலம். தகப்பனுக்கு இருந்த நிலத்தை எட்டுப் பேர் பிரித்தால் ஆளுக்கு ஒரு துண்டுதான் மிஞ்சும் என்பதை மத்திய மலைப் பகுதி விவசாயி கண்ணால் கண்டான்.

இரண்டாவது, பள்ளிக்கூடம். கென்யாவில் ‘ஹராம்பி’ என்று ஓர் இயக்கம் உண்டு. ‘எல்லோரும் சேர்ந்து இழுப்போம்’ என்று பொருள். சர்க்காருக்குக் காத்திராமல் ஊர் ஜனங்களே பணம் போட்டு உயர்நிலைப் பள்ளிகளைக் கட்டினார்கள். ஒரு கட்டத்தில் சர்க்கார் உயர்நிலைப் பள்ளிகளைவிட ஊர்ப் பள்ளிகளே அதிகமாக இருந்தன. படித்தால் உத்தியோகம் உண்டு என்ற நம்பிக்கை பிறந்தது. ஆனால் படிப்புக்குச் சம்பளம் கட்ட வேண்டும். எட்டுப் பேருக்குக் கட்ட முடியாது. மூன்று பேருக்குக் கட்டலாம். வயலுக்கு வரவாக இருந்த பிள்ளை பள்ளிக்குச் செலவு ஆயிற்று. அதோடு, உயர்நிலைப் பள்ளிக்குப் போன பெண்ணுக்குக் கல்யாணமும் சில வருஷம் தள்ளிப்போயிற்று.

மூன்றாவது, மருந்தகம். 1982ல் ஜனத்தொகைக்கென்று ஒரு தேசியக் குழு அமைக்கப்பட்டது. ஜனாதிபதி மோயும் துணை ஜனாதிபதி கிபாகியும் மேடையில் வெளிப்படையாகப் பேசினார்கள். கர்ப்பத்தடைச் சாதனங்கள் கிராமத்து மருந்தகம் வரை போயின.

ஆசை முதலில் மாறியது. சாதனம் பக்கத்தில் இருந்தது. அதனால்தான் பலித்தது. 1967ல் சாதனத்தைப் பற்றிப் பேசினார்கள், ஆசை மாறவில்லை. அதனால் பலிக்கவில்லை.

இதற்கு மறுபக்க நிரூபணமும் உண்டு. 1990களின் கடைசியில் எய்ட்ஸ் நோய் கென்யாவை வாட்டியது. பணமும் கவனமும் அந்தப் பக்கம் திரும்பின. மருந்தகங்களில் சாதனங்கள் தட்டுப்பட்டன. இறங்கி வந்த எண்ணிக்கை 2003ல் 4.9 ஆகி நின்றுவிட்டது. மீண்டும் கவனித்த பிறகே இறங்கியது. 2014ல் 3.9. 2022ல் 3.4.

டான்சானியாவில் ஏன் தாமதம்?

டான்சானியாவில் 1991-92ல் 6.2 ஆக இருந்த சராசரி, முப்பது வருஷத்துக்குப் பிறகு 2022ல் 4.8. இறங்கியிருக்கிறது. ஆனால் ஆமை நடை.

குழந்தைச் சாவு அதிகம் என்பதால் அதிகமாகப் பெற்றுக்கொள்கிறார்களோ? அதுவும் இல்லை. 2022ஆம் வருஷக் கணக்குப்படி ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்குக் கென்யாவில் 41, டான்சானியாவில் 43. ஏறக்குறைய சமம். குழந்தையைக் காப்பாற்றுவதில் டான்சானியா அண்டை நாட்டுக்குச் சளைக்கவில்லை.

வித்தியாசம் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. நைரேரே ஆரம்பக் கல்வியை எல்லோருக்கும் கொடுத்தார். ஆனால் உயர்நிலைக் கல்வியை வேண்டுமென்றே சுருக்கி வைத்தார். ஏழை நாட்டில் சிலருக்கு மட்டும் மேற்படிப்பு கொடுத்தால் புது எஜமானர்கள் முளைப்பார்கள் என்று அஞ்சினார். எண்ணம் நல்ல எண்ணம். விளைவு வேறு. 1980களில் அந்த வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து பேர்கூட உயர்நிலைப் பள்ளியில் இல்லை. ஏழாவது முடித்த பெண்ணுக்கு அடுத்தபடி கல்யாணம்தான்.

சாதனத்தின் கதையும் அப்படியே. குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம் டாங்கனிகாவில் 1959லேயே தொடங்கியது. ஆனால் ஜனத்தொகைக் கொள்கை என்று சர்க்கார் ஒன்றை வெளியிட்டது 1992ல். கென்யாவுக்கு இருபத்தைந்து வருஷம் பிந்தி! 2018ல் ஜனாதிபதி ஜான் மகுஃபுலி ஒரு கூட்டத்தில், குடும்பக் கட்டுப்பாடு செய்பவர்கள் சோம்பேறிகள் என்ற கருத்தில் பேசினார். நிலம் இருக்கிறது, உழைக்கத் தெரிந்தவன் ஏன் பிள்ளைக்குப் பயப்பட வேண்டும் என்பது அவர் வாதம். கர்ப்பம் தரித்த மாணவிகள் மீண்டும் பள்ளிக்கு வரக்கூடாது என்றும் அவர் ஆட்சியில் கண்டிப்பு இருந்தது. 2021ல் அவர் காலமான பின் பதவிக்கு வந்த ஸாமியா சுலுஹு ஹசன் ஆட்சியில் அந்தத் தடை நீங்கியது. 2016 முதல் உயர்நிலைப் பள்ளியில் நான்காம் வகுப்பு வரை சம்பளம் கிடையாது என்பதும் பெரிய மாறுதல்.

2022ல் மணமான பெண்களில் நவீன முறைகளைக் கையாள்பவர்கள் கென்யாவில் நூற்றுக்கு 57. டான்சானியாவில் 31. இந்த இரண்டு எண்களே மீதிக் கதையைச் சொல்லும்.

கூட்டிக் கழித்தால்...

2019 கணக்கெடுப்பில் கென்யாவின் ஜனத்தொகை 4 கோடியே 76 லட்சம். 2022 கணக்கெடுப்பில் டான்சானியாவின் ஜனத்தொகை 6 கோடியே 17 லட்சம். 2050 வரை உலகத்தில் கூடப்போகும் ஜனங்களில் பாதிக்கு மேல் எட்டே நாடுகளில் இருப்பார்கள் என்று ஐக்கிய நாடுகள் சபை 2022ல் மதிப்பிட்டது. அந்த எட்டில் டான்சானியா ஒன்று. கென்யா இல்லை.

தலைக்கு வருமானம் என்று பார்த்தால் கென்யா முன்னே நிற்கிறது. டான்சானியாவும் 2020ல் மிக ஏழை நாடுகளின் பட்டியலிலிருந்து ஒரு படி ஏறியது. அப்படியானால் கென்யா கரை ஏறிவிட்டதா?

அங்கேதான் ஜனத்தொகை தன் இரண்டாவது பாடத்தைச் சொல்கிறது. தொட்டிலில் எண்ணிக்கை குறைந்தாலும், முன்னே பிறந்தவர்கள் பிறந்தவர்களே. குடும்பத்துக்கு நாலைந்து பிள்ளைகள் பிறந்த காலத்தில் பிறந்தவர்கள் இன்று வேலை தேடும் இளைஞர்கள். உழைக்கும் வயதினர் பெருகி, உட்கார்ந்து உண்பவர் குறையும் காலம் ஒரு நாட்டுக்கு வாழ்நாளில் ஒரு முறை வரும் வாய்ப்பு என்கிறார்கள் பொருளாதார நிபுணர்கள். கொரியா அந்த வாய்ப்பைப் பயன்படுத்தி உயர்ந்தது. ஆனால் தொழிற்சாலை வேண்டும். வேலை வேண்டும். வேலை இல்லாவிட்டால் அதே வாய்ப்பு வெடிமருந்து.

2024 ஜூனில் கென்யாவில் அது வெடித்தது. வாங்கிய கடனைக் கட்ட சர்க்கார் புது வரி மசோதா கொண்டுவந்தது. ரொட்டிக்குக்கூட வரி போட முதலில் யோசனை இருந்தது. எதிர்ப்பைக் கண்டு அதைக் கைவிட்டார்கள். ஜூன் 25ந் தேதி இளைஞர்கள் நைரோபியில் பார்லிமெண்டுக்குள்ளேயே நுழைந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் பலர் இறந்தார்கள். மறுநாள் ஜனாதிபதி வில்லியம் ரூட்டோ மசோதாவை வாபஸ் வாங்கினார். படித்த பிள்ளைகள் அவர்கள். தகப்பன்மார் நிலத்தை விற்றுப் படிக்க வைத்தவர்களும் அதில் உண்டு. படிப்பு கிடைத்தது, அதற்கு ஏற்ற வேலை கிடைக்கவில்லை.

கென்யாவுக்குள்ளேயும் இரண்டு கென்யா இருக்கிறது. 2022ல் நைரோபியில் பெண்ணுக்குச் சராசரி இரண்டரைக் குழந்தை. வடகிழக்குக் கோடியில் வறண்ட மாண்டேராவில் ஏழுக்கும் மேல். பள்ளியும் சாலையும் மருந்தகமும் கடைசியாகப் போன இடம் அது. டான்சானியாவிலும் நகரத்தில் 3.6, கிராமத்தில் 5.5. ஆக, எல்லை நாடுகளுக்கு நடுவில் மட்டும் இல்லை.

இனி என்ன?

ஒரு புது ஆபத்தும் வந்திருக்கிறது. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றின் மருந்தகங்களுக்குக் கர்ப்பத்தடைச் சாதனங்கள் வெளிநாட்டு உதவியாகவே வந்துகொண்டிருந்தன. அதில் பெரும் பங்கு அமெரிக்காவுடையது. 2025 ஜனவரியில் அமெரிக்கா அந்நிய உதவியை நிறுத்தி வைத்தது. அந்த வருஷம் ஜூலையில் உதவி நிறுவனமே மூடப்பட்டது. அலமாரி காலியானால் என்ன ஆகும் என்பதைக் கென்யா 2003லேயே பார்த்துவிட்டது. பிறர் பணத்தில் நிற்கும் கொள்கை, பிறர் மனம் மாறினால் விழும். நைரேரே 1967ல் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று சொன்னபோது நகைத்தவர்கள் உண்டு. அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது தவறில்லை.

இரண்டு நாடுகளும் சேர்ந்து எழுதிய பாடம் இதுதான். ஜனத்தொகைக் கொள்கை தனியாக வெல்லாது. கென்யாவின் முதல் பதினைந்து வருஷம் அதற்குச் சாட்சி. பொருளாதாரக் கொள்கையும் தனியாக வெல்லாது. உஜாமா அதற்குச் சாட்சி. இரண்டும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. அது மந்திரியின் மேஜை அல்ல. பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி நாளைக் காலையில் எங்கே போகிறாள் என்பதே அது. பள்ளிக்கூடத்துக்கா, கல்யாணப் பந்தலுக்கா? படித்து முடித்தபின் அவளுக்கு வேலை உண்டா? வேண்டும்போது பக்கத்து மருந்தகத்தின் அலமாரியில் மருந்து உண்டா?

இந்த மூன்று கேள்விகளுக்கும் ‘ஆம்’ என்று சொல்லும் சர்க்கார், எத்தனை பிள்ளை பெற வேண்டும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கிளிமஞ்சாரோவின் இரண்டு பக்கத்துத் தாய்மார்களுக்கும் அந்தக் கணக்குத் தெரியும்.